மச்சினனின் மூக்கு

ஆற்றின் குறுக்கே அணை கட்ட இடம் தேடி எங்கள் அளவைக் குழு காட்டோரம் கூடாரம் அடித்திருந்த காலத்தில், எங்களுக்குச் சமைத்துப் போட்டவரை எல்லோரும் ஓட்டலண்ணன் என்று கூப்பிட்டார்கள். நகரத்தில் ஒரு பெரிய ஓட்டலின் அடுக்களையில் பல வருடம் இருந்துவிட்டு வந்ததால் அந்தப் பெயர். இன்ஜினியர் மட்டும் “சமையல்” என்று கூப்பிடுவார்.

“சமையல், இன்னைக்கு என்ன?”

“பசி வரட்டும் சார், அது சொல்லும்” என்பார் இவர்.

குழுவில் எனக்கு அளவுகளைக் குறிக்கும் வேலை. கருவியில் கண் வைத்திருப்பவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். அவர் சொல்லாத எதையும் எழுதக் கூடாது. அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன். இதில் பாதி நான் பார்த்தது. மீதி, பிறகு ஓட்டலண்ணனும் அவர் மச்சினனும் தனித்தனியே என்னிடம் சொன்னது. இருவரும் சேர்ந்து இருந்த இடங்களில், இரண்டு பேர் சொன்னதும் பொருந்தியதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய அடுப்பு ஒரு வாய்க்கால் போல இருக்கும். முழங்கால் ஆழத்துக்கு, காற்று வரும் திசையைப் பார்த்து நீளமாக வெட்டிய குழி. ஒரு முனையில் மூன்று கல். அங்கே தீ எரிந்துகொண்டே இருக்கும். எரிந்து விழுகிற கங்குகளை நீண்ட கம்பியால் மறுமுனைக்கு இழுத்துப் பரப்புவார். சோறும் பருப்பும் தீயில், மற்றதெல்லாம் தணலில். காலையில் ரொட்டி, மத்தியானம் சோறு, கீரை, பருப்பு. இவையெல்லாம் எந்த முகாமிலும் கிடைப்பவை. ஆனால் வேலை இல்லாத நாட்களில் அவர் கை வேறு மாதிரி இறங்கும். முழுப் பூசணியின் தலையைச் சீவி, விதையை வழித்துவிட்டு, உள்ளே அரிசியும் கொத்துக்கறியும் உலர்ந்த திராட்சையும் அடைத்து, சீவிய தலையையே மூடியாக வைத்துச் சாம்பலுக்குள் புதைப்பார். ஆட்டுத் தொடையைக் கயிற்றில் கட்டி, மூன்று கம்புகளை ஊன்றிக் கட்டிய முக்காலியிலிருந்து தணலுக்கு மேலே தொங்கவிட்டு ஒரு முறுக்கு முறுக்கிவிடுவார். அது தானாகச் சுற்றும், நிற்கும், திரும்பச் சுற்றும். மூடிமேல் கங்கு வைக்கிற கனமான இரும்புச் சட்டியில் பாலும் முட்டையும் சர்க்கரையும் ஊற்றி, ஆடாமல் அசையாமல் கட்டியாக்கி எடுப்பார்.

நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கும் ஆட்கள் தட்டை வழித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். “இனிமே வீட்டுக்குப் போய் அந்தச் சாப்பாட்டை எப்படிடா முழுங்கறது” என்று ஒருவர் கவலைப்படுவார்.

“பயப்படாதே. உன் பெண்டாட்டி உன்னை உள்ள விட்டாத்தானே அந்தக் கவலை” என்பான் மச்சினன்.

மச்சினன் என்றால் ஓட்டலண்ணனுடைய மனைவியின் தம்பி. முப்பது வயது இருக்கும். விறகு பொறுக்குவது, தண்ணீர் எடுப்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அவன். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதைக் கேட்டால் நாளைக்கே வெட்டிக்கொள்வார்கள் போல இருக்கும்.

“மாப்ள, இது விறகா, பல் குச்சியா?”

“உங்க பல்லுக்கு இதுவே ஜாஸ்தி மச்சான்.”

அவனிடம் ஒரு வினோதமான பழக்கம் இருந்தது. சமையல் மும்முரமாக நடக்கும்போது, “மச்சான், சிகரெட் இருக்கா?” என்று கேட்பான். ஓட்டலண்ணன் சிகரெட்டைத் தொட்டதே கிடையாது. ஒரு நாள் சங்கிலிக்காரர் ஒருவர் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டார்.

“அவர் குடிக்க மாட்டார்னு ஊருக்கே தெரியும். எதுக்குய்யா தினம் கேக்கற?”

“என்னைக்காவது திருந்துவார்னுதான்.”

எல்லோரும் சிரித்தோம். ஓட்டலண்ணனும் சிரித்துக்கொண்டே சட்டியை இறக்கித் தணலுக்கு வெளியே வைத்தார். சிகரெட் என்றால் அடி பிடிக்கிறது என்று அர்த்தம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அவருக்கு வாசனை தெரியாது. முந்தைய வருடம் ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்தார். எழுந்த அன்று மனைவி காப்பியைக் கொண்டுவந்து வைத்ததும், வெந்நீர் எதற்கு என்று கேட்டாராம். மருத்துவர் பார்த்துவிட்டு, திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார். நாக்கில் உப்பு, புளிப்பு, உறைப்பு, இனிப்பு, கசப்பு மட்டும் மிஞ்சின. பழத்துக்கும் சர்க்கரைத் தண்ணீருக்கும் வித்தியாசம் இல்லை. பொரித்த வெங்காயம் வாயில் நனைந்த காகிதம். ஓட்டலில் ஒரு நாள் அவர் பக்கத்திலேயே வெண்ணெய் கருகிப் புகைந்து, எதிர் மேசையில் இருந்தவர்கள் கத்தும்வரை இவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் கொஞ்சம் கவலை என்று சொல்லிச் சமாளித்தார். இரண்டாம் முறை நடந்தபோது, யாரும் கேட்பதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டார்.

“சமையல்காரனுக்கு மூக்கு போச்சுன்னா டிரைவருக்குக் கண்ணு போன மாதிரி சார்” என்று பிறகு என்னிடம் சொன்னார். “மெதுவா ஓட்டறேன்னு சொன்னா யாராவது ஏறுவாங்களா?”

வீட்டில் படிக்கிற பெண்கள் இரண்டு பேர். வேறு தொழில் தெரியாது. ஓட்டல் ஆட்கள் யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் வேலை வேண்டும் என்று தேடியதில் எங்கள் முகாம் கிடைத்தது. லாரி ஓட்ட உரிமம் வாங்கிவிட்டு வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த தம்பியைக் கூப்பிட்டு, “நீயும் கூடப் போ. அடுப்புப் பக்கத்துல நில்லு. அவர் மானம் உன் மூக்குல இருக்கு” என்று சொல்லி அனுப்பினார் மனைவி.

விறகு அடுப்பில் இது இன்னும் சிரமம். வாயு அடுப்பில் தீ ஒரே மாதிரி இருக்கும், கையால் திருகிவிடலாம். விறகில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குணம். சிலது இனிப்பாகப் புகையும், சிலது கண்ணை எரிக்கும், சிலது கறியில் ஏறினால் கசக்கும். மச்சினன் ஒவ்வொரு சுள்ளியையும் ஒடித்து மூக்கில் வைத்துப் பார்த்துத்தான் அடுப்பின் வலது பக்கம் அடுக்குவான். அந்த அடுக்கிலிருந்து மட்டும்தான் ஓட்டலண்ணன் எடுப்பார்.

மழை நாட்களில் காட்டு விறகு எரியாது. அப்போது தச்சர் கொட்டகைதான் கதி. அளந்த இடங்களில் அடிப்பதற்கு முளைகள் செய்வது தச்சரின் வேலை. மண்ணுக்குள் போகிற கட்டைகளைக் கரையான் அரிக்காமலிருக்க ஒரு எண்ணெயில் ஊறவைத்துக் காயப்போடுவார். ஊறாத சீவல்களும், ஊறியபின் பிளந்துபோன முளைகளும் கொட்டகை மூலையில் ஒரே குவியலாகக் கிடக்கும். எண்ணெய் காய்ந்துவிட்டால் பார்வைக்கு எல்லாம் ஒரே மரம். மோந்து பார்த்தால் சின்னக் குழந்தை கூடப் பிரித்துவிடும். மச்சினன் அதையும் பிரித்துக் கொண்டுவருவான்.

எங்கள் வேலை முடிய ஒரு மாதம் இருக்கும்போது, மேலிடத்திலிருந்து பெரிய இன்ஜினியர் இரண்டு விருந்தாளிகளோடு முகாமுக்கு வருவதாகச் செய்தி வந்தது. எங்கள் இன்ஜினியருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இங்கே கிடைக்கிற சாப்பாடு உங்கள் வீட்டில் கூடக் கிடைக்காது என்று முன்பே அவர்களிடம் அளந்து வைத்திருக்கிறார்.

“சமையல், மானத்தைக் காப்பாத்திடு. அடுத்த முகாமுக்கும் உன்னையேதான் கேட்டு வாங்கப் போறேன்.”

அடுத்த முகாம் இரண்டு வருட வேலை. மூத்த பெண்ணின் படிப்பு முடிகிறவரை கவலை இல்லை. ஓட்டலண்ணன் அன்று மாலையே என்னென்ன செய்வது என்று முடிவு செய்துவிட்டார். இலையில் சுற்றி மண் பூசிச் சுட்ட மீன், தொங்கவிட்ட தொடை, பூசணி, இரும்புச் சட்டியில் ரொட்டி, கடைசியில் முட்டை போட்ட அந்தப் பால் கட்டி.

அதே வாரம் சாமான் லாரி டிரைவர் மச்சினனுக்கும் ஒரு செய்தி கொண்டுவந்தார். பேருந்து முதலாளி ஒருவர் டிரைவர் வேலைக்கு எடுத்துக்கொள்கிறார். உடனே வந்து சேர வேண்டும். லாரி திரும்பிப் போவது விருந்துக்கு முந்தைய நாள்.

இனி வருவது அவர்கள் சொன்னது. பாத்திரம் தேய்க்கிற இடத்தில் பேசியிருக்கிறார்கள்.

“ஒரு நாள்தானே கேக்கறேன் மாப்ள. விருந்து முடிஞ்சதும் போ.”

“லாரி போயிட்டா அப்புறம் அடுத்த வாரம்தான் மச்சான். அதுவரைக்கும் முதலாளி ஸ்டியரிங்கை எனக்காகப் புடிச்சிட்டு நிப்பாரா?”

“நான் என்ன பண்ணுவேன்?”

“இன்ஜினியர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. யாரையாவது பக்கத்துல நிறுத்துவார். நல்ல மனுஷன்தானே.”

“சொன்னா நாளைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லுவாங்க.”

“அப்போ நான் உசுரோட இருக்கற வரைக்கும் உங்க பக்கத்துல நின்னு மோந்துக்கிட்டே இருக்கணுமா? எனக்குன்னு ஒண்ணு வேண்டாமா? பொண்ணு பாக்கப் போனா என்ன வேலைன்னு கேப்பாங்க. எங்க மச்சானுக்கு மூக்குன்னு சொல்லவா?”

ஓட்டலண்ணன் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார். “போடா” என்றார். “நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் கரண்டி புடிச்சவன்.”

காலையில் மச்சினன் லாரி ஏறினான். அதை நான் பார்த்தேன். ஏறும் முன் விடியற்காலையிலேயே எழுந்து, வலது பக்கத்து அடுக்கை இடுப்பு உயரத்துக்கு நிரப்பிவிட்டுப் போயிருந்தான். ஓட்டலண்ணன் அவனிடம் சொல்லிக்கொள்ள வரவில்லை, மாவு பிசைந்துகொண்டிருந்தார். “அந்த அடுக்கு போதும் மச்சான். அதைத் தாண்டி எதையும் எடுக்காதீங்க” என்று அவன் அவருடைய முதுகைப் பார்த்துச் சொன்னான்.

விருந்தன்று விடிந்ததும் மழை. மத்தியானம் விட்டது. நாங்கள் பெஞ்சுகளைத் துடைத்துப் போட்டோம். கூடார வாசலில் மேசை விரிப்பு விரித்தோம். ஓட்டலண்ணன் தன் அடுப்போடு தனியாக இருந்தார். பார்க்க நன்றாகவே இருந்தது. கண்ணாலும் காதாலும் கையாலும் அவருக்குத் தெரிந்தது ஏராளம். தணலுக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்துச் சூட்டைப் பார்ப்பார். இரும்புச் சட்டியின் மூடியில் கரண்டிக் காம்பை வைத்து, மறுமுனையைக் காதில் வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பார். தொடையிலிருந்து சொட்டுகிற கொழுப்பு தணலில் விழும் சத்தத்தைக் கேட்டே கயிற்றை ஏற்றி இறக்கினார்.

விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. வழியில் ஓடை பெருகி ஜீப் நின்றுவிட்டதாக ஆள் வந்து சொன்னான். தொடையை இறக்க முடியாது, ஆறிப்போகும். மீனை எடுக்க முடியாது. மண் குளிர்ந்தால் இறுகிவிடும். தணல் அணையாமல் ஓட்டிக்கொண்டே இருந்தார். வலது பக்கத்து அடுக்கு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் தரை தெரிந்தது. காட்டு விறகு எல்லாம் ஊறிப்போய்க் கிடந்தது.

அவர் தச்சர் கொட்டகைக்குப் போனார். தச்சர் அன்று ஊரில் இல்லை. குவியலில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று ஒவ்வொரு துண்டாக வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். கறை உள்ளவற்றை ஒதுக்கிவிட்டுச் சுத்தமாக, காய்ந்து, வெள்ளையாக இருந்தவற்றைப் பொறுக்கினார். “ஒவ்வொண்ணையும் மூக்குல வெச்சுப் பாத்தேன் சார்” என்றார் என்னிடம். “பழக்கம். கை தானா மேல போகுது. ஒண்ணுமே இல்ல. ஒண்ணும் இல்லேன்னா நல்ல கட்டைதான்னு ஒரு நிமிஷம் நம்பிட்டேன்.”

துண்டுகள் நன்றாகப் பிடித்து எரிந்தன. ஜீப்பின் சத்தம் தூரத்தில் கேட்டது. அவர் தொடையின் ஓரத்தில் ஒரு சின்னச் சீவல் எடுத்து வாயில் போட்டார். உப்பு சரி, உறைப்பு சரி. கொஞ்சம் கசந்தது. கருகிய ஓரம் என்று நினைத்துக்கொண்டார்.

அடுப்புப் புகை போகும் பக்கம், ஒரு மரத்தடியில், சங்கிலிக்காரர்கள் நாலைந்து பேர் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார்கள். சமையல் வாசனையைப் பிடித்துக்கொண்டு கதை பேசுவதற்கு அதுதான் அவர்களுக்குப் பிடித்த இடம். அவர்களில் ஒருவர் எழுந்து துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு மறுபக்கம் போனார். பின்னாலேயே இன்னொருவர் போனார். பிறகு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஓட்டலண்ணன் ஏதோ புது மாதிரி செய்கிறார் என்று நினைத்தோ என்னவோ.

காலியாகிப்போன மரத்தடியைப் பார்த்தபடியே ஓட்டலண்ணன் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“சார், கொஞ்சம் இங்க வாங்க.”

நான் காற்று வரும் பக்கத்தில் பெஞ்சு போட்டுக்கொண்டிருந்ததால் எனக்கு அதுவரை எதுவும் எட்டவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் போனதும் தொண்டையில் வந்து அடித்தது. தார் டப்பாவும் பூச்சி மருந்தும் சேர்ந்து எரிவது போன்ற நெடி. நான் பின்வாங்கினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் புகை எப்படி இருக்கு?”

“என்ன கேக்கறீங்க?”

“மோந்து பாத்துச் சொல்லுங்க சார். நாறுதா?”

வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்தேன். “நீங்க நிக்கற இடத்துல தெரியலையா?”

“எனக்குத் தெரியாது சார்.” குரலைத் தாழ்த்தவில்லை. “எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல எதுவும் தெரியாது.”

நான் சொன்னேன். என்ன நெடி, எதைப் போல, எவ்வளவு கடுமை என்று சொன்னேன். அவர் கம்பியால் எரிகிற கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டார். தொங்கிக்கொண்டிருந்த தொடை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பொன்னிறமாக, ஒரு குறை சொல்ல முடியாமல் இருந்தது. அதைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

ஜீப் வந்து நின்றது. பெரிய இன்ஜினியரும் விருந்தாளிகளும் இறங்கிக் கால்களை உதறிக்கொண்டார்கள். விறகின் மேல் பழி போட்டிருக்கலாம். தச்சர் மேல் போட்டிருக்கலாம். அவர் ஊரிலேயே இல்லை. யாரும் நம்பியிருப்பார்கள். ஓட்டலண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு நேராக மேசைக்குப் போனார்.

“சார், இன்னைக்குச் சாப்பாடு இல்லைங்க. விஷ எண்ணெய்க் கட்டை எரிஞ்சிருக்கு. நான்தான் போட்டேன்.”

எங்கள் இன்ஜினியருக்கு முகம் செத்துவிட்டது. “எப்படிய்யா போட்டே? அவ்வளவு நெடி அடிக்குமே.”

“எனக்கு மூக்கு வேலை செய்யறதில்லைங்க. வந்த நாளிலேருந்தே.”

பெரிய இன்ஜினியர் கோபப்படவில்லை. சுவாரசியமாகத்தான் கேட்டார். “அப்போ இத்தனை மாசமா இவர் புகழ்ந்து தள்ளின சாப்பாட்டை யார் சமைச்சது?”

“நான்தான் சமைச்சேங்க. மோந்தது வேற ஆள்.”

விருந்தாளிகளில் ஒருவர் சிரித்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சிரித்தார்.

அன்று இரவு எல்லோரும் பிஸ்கட்டும், மண்ணெண்ணெய் அடுப்பில் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். சமைத்ததையெல்லாம் நாய், நரி தொடாதபடி ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார் இன்ஜினியர். நானும் ஒரு சங்கிலிக்காரரும் அந்த வேலையைச் செய்தோம்.

இன்ஜினியர் அவரைப் போகச் சொல்லவில்லை. மறுநாள் நன்றாகத் திட்டினார். என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன தின்றுவிடுவேனா என்று கேட்டார். பிறகு, பழைய குழியை மூடிவிட்டு வேறு இடத்தில் வெட்டு, ஒரு ஆளை விறகுக்கு வைத்துக்கொள் என்றார். ஓட்டலண்ணன் தலையாட்டினார். புதுக் குழி வெட்டினார். சோறு வடித்து, பருப்பு வைத்து, உருளைக்கிழங்கைச் சாம்பலில் சுட்டு உரித்துப் போட்டார்.

ஆட்கள் வரிசையில் வந்து தட்டில் வாங்கினார்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. உட்கார்ந்தார்கள். முதல் ஆள் சாப்பிடுவதற்கு முன்னால் தட்டைத் தூக்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அடுத்தவரும் அப்படியே செய்தார். வரிசையாக எல்லோரும் செய்தார்கள். அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. நானும் செய்தேன் என்பது தட்டு மூக்குக்கு அருகில் வந்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. கரண்டியோடு நின்ற ஓட்டலண்ணன் ஒவ்வொரு தட்டும் மேலே போய்க் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவும் அப்படித்தான். மறுநாளும் அப்படித்தான். “நல்லாத்தான் இருக்குண்ணே” என்று ஒருவர் ஆறுதலாகச் சொன்னார். முன்பெல்லாம் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. இன்னும் கொஞ்சம் போடுங்க என்றுதான் கேட்பார்கள்.

அடுத்த வாரம் சாமான் லாரியில் மச்சினன் வந்து இறங்கினான். டிரைவர் மூலம் விஷயம் போயிருக்கிறது. புது வேலையில் ஒரு நாள் விடுப்புக் கேட்டு வந்திருந்தான். வந்தவன் யாரையும் பார்க்காமல் நேராக அடுப்புக்குப் போய், அடுக்கியிருந்த விறகில் ஒன்றை எடுத்து மோந்தான்.

“இது யார் பொறுக்கினது?”

“ஆள் வெச்சிருக்காங்க” என்றார் ஓட்டலண்ணன்.

“பொறுக்கின லட்சணத்தைப் பாரு.” இன்னொன்றை எடுத்து மோந்தான். கண் கலங்கியிருந்தது, புகையாகவும் இருக்கலாம். “நான்தான் சொல்லிட்டுப் போனேனே மச்சான். அடுக்கைத் தாண்டி எடுக்காதீங்கன்னு.”

“சொன்னே.”

“தீர்ந்துச்சுன்னா சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதானே. சோறு வேகலேன்னா யாரும் சாகப் போறதில்ல.”

“அது சரிதான்.”

அவர் எதிர்த்துப் பேசாதது அவனைக் கலக்கிவிட்டது. இன்ஜினியரிடம் போனான். கொஞ்ச நேரத்தில் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். மச்சினன் தங்குவதாக இருந்தால் அடுத்த முகாமுக்கும் இருவரையும் எடுத்துக்கொள்ளத் தயார் என்றார் இன்ஜினியர். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

“நான் இருக்கேன் சார். பஸ் எங்க போகுது, அப்புறமா ஓட்டிக்கலாம்” என்றான் மச்சினன்.

ஓட்டலண்ணன் அவனைப் பார்த்தார். டிரைவர்கள் போடும் சட்டை போட்டிருந்தான். புதுசு, மடிப்பு கூடக் கலையவில்லை.

“மாப்ள, இங்க உக்காரு. ஒரு தட்டு சோறு தர்றேன், சாப்பிடு.”

போட்டுக் கொடுத்தார். மச்சினன் வாங்கினான். பேசிக்கொண்டே தட்டைத் தூக்கினான். அவனும் மூக்குக்குத்தான் கொண்டுபோனான். அவனுக்கு அது வேலை. எத்தனையோ மாதமாகச் செய்தது. ஆனால் இந்தத் தடவை ஓட்டலண்ணன் இன்ஜினியர் பக்கம் திரும்பினார்.

“சார், நீங்க எடுத்துக்கிறேன்னீங்க, அதுவே பெரிசு. ஆனா இவனை நிறுத்தாதீங்க. இவன் நின்னா சோறு நல்லாருக்கும். ஆட்கள் மோந்துட்டுத்தான் சாப்பிடுவாங்க. நான் அதைப் பாத்துக்கிட்டே கரண்டி புடிக்க முடியாது.”

“நாளாக ஆக மறந்துடுவாங்க” என்றார் இன்ஜினியர்.

“நான் மறக்கணுமே சார்.”

மச்சினன் சத்தம் போட்டான். அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன், பிள்ளைகள் படிப்பு என்ன ஆவது என்று கேட்டான். “தெரியலை மாப்ள. ஆனா உன் மூக்கை வாடகைக்கு எடுத்தது போதும்” என்றார் ஓட்டலண்ணன். அன்று மத்தியானச் சாப்பாட்டைப் பரிமாறி முடித்துவிட்டு, பாத்திரங்களை எண்ணி ஒப்படைத்துவிட்டு, அதே லாரியில் இருவரும் போனார்கள். பின்னால் சாமான் மூட்டைகள் இருந்த இடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். லாரி நகர்ந்த பிறகும் மச்சினன் திட்டிக்கொண்டிருந்தது கேட்டது.

மீதி மாதம் ஒரு சங்கிலிக்காரர்தான் சமைத்தார். சோறு ஒரு நாள் குழையும், ஒரு நாள் அரிசியாக இருக்கும். யாரும் தட்டை மோந்து பார்க்கவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு பேருந்து நிலையத்தில் ஓட்டலண்ணனைப் பார்த்தேன். அவர்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார். மூத்த பெண் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டாள் என்றார். அதைச் சொல்லும்போது வேறு எங்கோ பார்த்தார். இளையவள் படித்தாள். மச்சினன் இன்னும் பேருந்து ஓட்டுகிறான். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். இவர் ஒரு பெயின்ட் கிடங்கில் காவலாளி.

“அந்த நெடி தாங்காம எனக்கு முன்னாடி நாலு பேர் ஓடிட்டாங்களாம் சார். முதலாளிக்கு என்னைப் பத்தி ரொம்பப் பெருமை. எப்படித் தாங்கறேன்னு இப்பவும் கேக்கறார்.”

“சொல்லிட்டீங்களா?”

“முதல் நாளே சொல்லிட்டேன். அவர்தான் நம்பல.”

தேநீர் வாங்கிக் குடித்தோம். அவர் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. சூடாக இருக்கும் என்பதற்காக மட்டுமே குடிப்பதாகச் சொன்னார். கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

“அன்னைக்கு எல்லாத்தையும் புதைச்சது நீங்கதானே?”

“ஆமாம்.”

“மீன் மேல மண்ணு இருந்துச்சு. புகை உள்ள போயிருக்காது. அதை உடைச்சீங்களா, அப்படியே போட்டீங்களா?”

“குழியில போடும்போது ஒண்ணு உடைஞ்சுது.”

“எப்படி இருந்துச்சு?”

வெந்திருந்தது என்றேன். சதை முள்ளை விட்டு விலகி வந்தது, வெள்ளையாக இருந்தது, இலை ஒட்டிக்கொள்ளவில்லை.

“அது தெரியும் சார். அது கையிலேயே தெரிஞ்சுடும். வாசனை எப்படி இருந்துச்சு?”

நான் யோசித்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு அவருக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுவது எளிது. எனக்கு ஞாபகம் இருந்ததை மட்டும் சொன்னேன். முதலில் ஈர மண். பிறகு வாடிய இலை. அப்புறம் எலுமிச்சைத் தோல். சுற்றிலும் அந்த எண்ணெய் நெடி இருந்தும் இவை தனியாகத் தெரிந்தன.

“அவ்வளவுதானா?”

“பூண்டும் இருந்துச்சு. கடைசியில வந்துச்சு.”

“பூண்டு வந்துச்சா?”

“வந்துச்சு.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “அதை நான் சுட்டு, நசுக்கி, வயித்துக்குள்ள ரொம்பக் கொஞ்சமா வெச்சேன். அவன் இல்லையே, ஜாஸ்தியா, கம்மியான்னு யார்கிட்ட கேக்கறது? பயந்துக்கிட்டே வெச்சேன்” என்றார். பிறகு, “ஜாஸ்தியா இருந்துச்சா?”

இல்லை என்றேன். பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, கூட இருந்த சங்கிலிக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டார். அந்த ஆள் மண்வெட்டியை நிறுத்திவிட்டு, ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டுப் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டதைச் சொன்னேன்.

“சாப்பிட்டாரா?”

“இல்லை. நான் விடலை.”

“சரிதான் சார், விடக் கூடாது” என்றார்.